உருக்காமல் வைத்த நாற்பத்து மூன்று

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை லூர்து அண்ணாச்சி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "புன்னைக்காயலுக்குப் போனியா பிள்ள?"

நான் போயிருந்தேன். இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அவர் தேடச் சொன்ன வீடு என்று ஒருத்தி கைகாட்டிய வாசலில் நின்று, உள்ளே மாலை போட்டு மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். படத்தில் இருந்தவர் கடலுக்குப் போய் வராதவர். அதை நான் சொல்லவில்லை. "இல்ல அண்ணாச்சி, பஸ் கிடைக்கல" என்றேன்.

பதிமூன்று நாள் கழித்து, காலையில் நூலகத்தைத் திறந்து விசிறியைப் போட்ட நேரத்தில், அவர் மகள் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஏளா, அப்பா போயிட்டாங்க. காப்பி கேட்டாங்க. போட்டுட்டு வாரதுக்குள்ள..." என்றார். நான் விசிறியை நிறுத்திவிட்டு, நூலகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வரும் உங்களுக்காக அண்ணாச்சியைப் பற்றி எழுதித் தரும்படி ஸ்டெல்லா அக்கா கேட்டபோது, அவர் மறைத்து வைத்திருந்ததையும் எழுதலாமா என்று கேட்டேன். "அப்பா மறைச்சதே போதும். நீயும் மறைக்காத" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலிருந்து போன பொருளும் இதில் இருக்கலாம்.

அண்ணாச்சியை உங்களுக்குக் கோயில்பிள்ளையாகத் தெரியும். பூசைக்கு வேண்டியதை எடுத்து வைத்தவர், மணி அடித்தவர், மெழுகுதிரிகளைப் பார்த்துக்கொண்டவர். எனக்கு அவர் ஒரு காதோடு அறிமுகமானார். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு ஒருநாள் வந்து, செய்தித்தாளில் பொதிந்த எதையோ என் மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளங்கையளவு மெழுகுக் காது. மடலின் வளைவு, துளை, கம்மல் போட்ட இடம் எல்லாம் இருந்தது.

"புத்தகத்துக்கு நம்பர் போட்டு அடுக்குதீங்கல்லா? இதுக்கும் அப்படிப் போட முடியுமா?"

"இது ஒண்ணுதானா ஐயா?"

"ஐயா வேண்டாம். ஊரே அண்ணாச்சின்னுதான் கூப்பிடுது. இது மாதிரி நாப்பத்து மூணு இருக்கு."

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா அக்கா என்னை நேரே சமையலறைக்கு அழைத்துப்போய்க் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். மேல்தட்டில் பிஸ்கட் டப்பாக்கள். ஒன்றைத் திறந்தால் பஞ்சுக்குள் ஒரு பாதம், ஒரு முழங்கை, மூடிய கண்கள் ஒரு ஜோடி.

"வெயில்ல இளகிருமாம். கை கால் எல்லாம் உள்ள இருக்கு, நான் வாங்கிட்டு வந்த சீலா மீனுக்கு இடமில்ல. வீட்டுக்கு வாரவ தண்ணி பாட்டில் எடுக்கத் திறந்துட்டு, ஆத்தாடின்னு கத்துதா."

"மீன் நாளைக்கும் கிடைக்கும் பிள்ள" என்றார் அண்ணாச்சி கூடத்திலிருந்து.

"கால் மட்டும் கிடைக்காதோ?"

"இந்தக் கால் கிடைக்காது."

அன்று நானும் சிரித்தேன். மகளுக்கு அது அப்பாவின் சேகரிப்பு, அவ்வளவுதான். அது என்ன என்று அவர் எனக்குச் சொன்னது மூன்றாவது சனிக்கிழமை, மகள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது.

உங்கள் கோயிலின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. காலில் புண் என்றால் மெழுகுக் கால், பிள்ளை இல்லையென்றால் மெழுகுக் குழந்தை. கொண்டுவந்து புனிதரின் காலடியில் வைப்பார்கள். திருவிழாவுக்கு முன் கோயில்பிள்ளை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் உருக்கிப் பெரிய திரியாக வார்ப்பார். திரி திருவிழாவில் எரிந்து முடிந்தால்தான் நேர்ச்சை தீர்ந்தது. கடையில் விற்பவை அச்சில் வார்த்தவை. அவற்றை அண்ணாச்சி தயங்காமல் சட்டியில் போட்டார். ஆனால் சிலர் தாங்களே செய்து கொண்டுவந்தார்கள்.

"அச்சுல ஊத்தினதுல பயம் இருக்காது. அது கடைக்காரன் செஞ்சது. இது, ஒரு பொம்பள அடுப்படியில உக்காந்து, திரி மிச்சத்த இளக்கி, விரல் சுட்டுச் செஞ்சது. அவ பயம் பூரா இதுக்குள்ள இருக்கு. இத எப்படிச் சட்டியில போட?"

போடவில்லை. வருடத்துக்கு ஒன்று, சில வருடம் இரண்டு. எடைக்கு எடை புது மெழுகு வாங்கிச் சட்டியில் சேர்த்துவிட்டு, அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அழகுக்காகத்தான் வைத்துக்கொண்டேன் என்றார், தலையைக் குனிந்துகொண்டு. சென்ற திருவிழாவில் ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பிள்ளைக்குச் செஞ்ச கை உருகிட்டுல்லா அண்ணாச்சி?" என்று கேட்டாளாம். "உருகிட்டு" என்றாராம். அந்தக் கை அப்போது குளிர்பெட்டியில் இருந்தது.

"பட்டியல்ல கடைசியா ஒரு கட்டம் போடு. அவங்களுக்குப் பொறவு என்ன ஆச்சுன்னு அதுல எழுதணும். நான் வச்சிக்கிட்டதால யாருக்கும் கெடுதல் வந்திருந்தா, சாகுறதுக்கு முன்ன எனக்குத் தெரியணும்."

நூலகப் பதிவேட்டில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. நான் கோடு போட்டு, 'பின்னர்' என்று தலைப்பு எழுதினேன்.

நான் நாசரேத்துக்காரி, சி.எஸ்.ஐ. சபை. எங்கள் வீட்டுச் சுவரில் வசனம் இருக்கும், உருவம் இருக்காது. இந்தப் பயம் என்னை அண்டாது என்றுதான் வேலையில் இறங்கினேன். முதலில் எடுத்தது ஒரு குழந்தைப் பாதம். நீளம், அகலம், எடை குறித்தேன். சுண்டுவிரல் உள்பக்கம் மடிந்திருந்தது. அந்தத் தாய் அதையும் விடாமல் செய்திருந்தாள். எழுதி முடித்ததும் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டாது பிள்ள. ஒட்டுறதா இருந்தா எனக்கு நாப்பத்து மூணும் ஒட்டியிருக்கும்" என்றார். சிரிக்கவில்லை.

ஒவ்வொன்றின் அடியிலும் ஊசியால் ஆண்டைக் கீறியிருந்தார். கொடுத்தவர் பெயரையும் ஊரையும் நினைவிலிருந்து சொன்னார். கூடவே பட்டப்பெயரையும். ஒருவர் நொள்ளைக்கண், ஒருவர் தவக்களை, ஒருத்தி கருவாட்டுக்காரி. கடற்கரை ஊர்களில் ஒரே ஞானஸ்நானப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். என்றாலும் அந்தப் பட்டங்களைப் பதிவேட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு மனிதரின் பெயருக்கு நேரே 'ஊமை' என்று நான் எப்படி எழுதுவேன்? அது மரியாதை இல்லை என்று நினைத்தேன். "எழுது பிள்ள, அது இல்லாம ஆள் கிடைக்காது" என்று இரண்டு முறை சொன்னார். தலையாட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

பிறகு போன் செய்யத் தொடங்கினேன். எண் தேடுவது பெரிய வேலையாக இல்லை. எதிர்முனையில் மணி அடித்து யாராவது எடுக்கும்வரை இருக்கும் அந்த நேரம்தான் கடினம். அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். காது கொடுத்தவளின் மகள் இப்போது மதுரையில் செவிலி, நன்றாகவே காது கேட்கிறது. பாதத்துக்கு உரிய பையன் லாரி ஓட்டுகிறான். எண்பது வயதில் இறந்துபோன ஒருவரைப் பற்றித் தெரிந்தபோது அண்ணாச்சி சற்று யோசித்து, "அது இதுல சேராது, வயசாயிட்டு" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

காயல்பட்டினத்திலிருந்து ஒரு தாய் தந்த விமானம் ஒன்று உண்டு. வளைகுடாவுக்குப் போகும் மகனுக்காகச் செய்தது. அந்த மகனே வாட்ஸ்அப்பில் கிடைத்தார்.

"அந்த ப்ளேனா? உம்மா வாப்பாவுக்குத் தெரியாமச் செஞ்சது. எங்க ராத்தா பாத்துட்டு, இது என்ன உம்மா, மீனான்னு கேட்டாளாம். அந்தப் பெரியவர்ட்ட சொல்லுங்க, நான் பத்திரமா இறங்கிட்டேன்னு."

அண்ணாச்சி என்னிடமிருந்து பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் 'இறங்கியாச்சு' என்று தானே எழுதினார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இருபத்தொன்பதாவது ஒரு வீடு. இரண்டு சன்னல், ஒரு கதவு, கூரையில் ஓடுகள்கூட நகத்தால் கீறியிருந்தன. பெரியதாழைப் பெண் ஒருத்தி, கடல் வீட்டை எடுத்துவிடக் கூடாது என்று செய்தது. அவள் மகள் சாத்தான்குளத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். "வீடா? அது கடலுக்குள்ள போயி அஞ்சு வருசம் ஆச்சே. அம்மா இங்கனதான் என்கூட இருக்காக" என்றாள்.

போனை வைத்ததும் அண்ணாச்சி, "பாத்தியா?" என்றார்.

"அந்தத் தெருவே போச்சு அண்ணாச்சி. நீங்க உருக்கிக் கொடுத்தவங்க வீடும் அதுல இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். முதல்ல போனது எந்த வீடு?"

திரும்பவும் போன் செய்து கேட்கும்படி அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் அந்த டப்பாக்களைத் திறப்பதை நிறுத்திவிட்டார். நான் எடுத்துக் காட்டினால் மட்டும் பார்ப்பார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுகிறார் என்று ஸ்டெல்லா அக்கா சொன்னார். மீதி இருந்தவற்றில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். பதினேழு.

பதினேழு ஒரு வள்ளம், மீன்பிடிப் படகு. பலநிறத் திரிகளின் மிச்சத்தில் செய்ததால் உடம்பெல்லாம் சிவப்பும் மஞ்சளும் ஓடியிருக்கும். பின்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான், பயறு அளவு தலை. அந்தத் தலையிலும் மூக்கு, மீசை. புன்னைக்காயல் அந்தோணியின் மனைவி மரியபுஷ்பம், இருபத்திரண்டு ஆண்டுக்கு முன், புருஷன் புது வள்ளம் இறக்கியபோது செய்தது. போன் எண் கிடைக்கவில்லை. நேரில் போனேன்.

கோயிலருகே டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே, "எந்த அந்தோணி? இங்கன ஒரு கல்ல விட்டெறிஞ்சா அது ஒரு அந்தோணி தலையிலதான் விழும்" என்றார்.

"வள்ளம் வச்சிருக்கவர். மனைவி மரியபுஷ்பம்."

"வள்ளம் இல்லாத அந்தோணியக் காட்டுங்க பாப்போம். பட்டப்பேர் என்ன?"

பதிவேட்டைப் புரட்டினேன். அங்கே இல்லை. அண்ணாச்சி சொன்னது எது என்று நினைவில் தேடினேன். நாற்பத்து மூன்று பட்டங்களும் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. பெஞ்சில் இருந்த ஒரு பெண், "கடல்ல போன அந்தோணியக் கேக்காகளோ என்னமோ. அந்தா, பச்சைக் கதவு" என்றாள்.

பச்சைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஓர் அம்மாள் முதுகு காட்டி உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு மேலே அந்தப் படம். மறைந்த ஆண்டு, வள்ளத்தின் அடியில் கீறியிருந்த ஆண்டுக்கு அடுத்தது. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். உங்கள் பெயர் மரியபுஷ்பமா என்று. அவர் திரும்புவதற்குள் நடந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. பஸ் கிடைக்கவில்லை என்று நான் சொன்னதும், அண்ணாச்சி என் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சரி பிள்ள. இனி நீ போகாண்டாம்" என்றார். பிறகு மெதுவாக, "சாவு மணி அடிக்கச் சொல்லி முதல்ல என்ட்டதான் வருவாங்க. வாசப்படி ஏறும்போதே தெரிஞ்சிரும். வாய் என்ன சொன்னாலும், கெட்ட சேதி கொண்டு வாரவன் முகம் ஒண்ணுதான்" என்றார்.

நான் மறுத்தேன். ஆனால் போதுமான உறுதியோடு மறுக்கவில்லை. அவர் வள்ளத்தைக் கேட்டு வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் தேர்வு வேலை என்று சொல்லி நான் போகவில்லை. தேர்வு வேலை இருந்தது உண்மை. அதற்காகப் போகாமல் இருந்தேன் என்பது உண்மையில்லை.

அடக்கத்தன்று ஸ்டெல்லா அக்கா அந்த வள்ளத்தை என்னிடம் தந்தார். "கடைசி ரெண்டு வாரமா இது கையவிட்டு இறங்கல. குளிர்பெட்டியில வைக்கச் சொன்னாலும் கேக்கல. உருட்டி உருட்டி அந்த ஆளு மூஞ்சியே போச்சு." கட்டைவிரல் பட்டுப் பட்டு, பயறு அளவு தலை மழுங்கிய உருண்டையாகியிருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் வாசலில் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். புன்னைக்காயலிலிருந்து வேன் பிடித்து வந்த கூட்டத்தில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மணியடித்த அழகு, வழியில் வேன் பஞ்சரானது, மீன் விலை என்று எல்லாம்.

"ஏலே ஊமை, செத்த நேரம் சும்மா இருலே. சாவு வீடு" என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

"சும்மா இருந்தா எனக்கு மூச்சு முட்டும் மாமா. உங்களுக்குத் தெரியாதா?"

பதினேழுக்கு நேரே நான் எழுதாமல் விட்ட பட்டம் அது. நான் எழுந்து, ஓயாமல் பேசியவர் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் போனேன். கேட்க வேண்டிய கேள்வியை அப்போது கேட்டேன். அவர் பெயர் மரியபுஷ்பம். பேசிக்கொண்டிருந்தவர் அவர் கணவர் ஊமை அந்தோணி. இருபத்திரண்டு ஆண்டாகக் கடலுக்குப் போய் வந்துகொண்டிருப்பவர்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுப் பின்புறம் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே நின்றேன். என் முகத்தில் அண்ணாச்சி படித்தது நடக்காத ஒரு சாவு. அதை உண்மையென்று நம்பியே அவர் போனார். டாக்டர் நெஞ்சடைப்பு என்றார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதோடு இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மரியபுஷ்பம் அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தடுமாறினேன். பிறகு உள்ளே போய் வள்ளத்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்து, நடந்தது முழுவதையும் சொன்னேன். நிம்மதியடைவார், சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வள்ளத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சி எங்க?" என்றார்.

அதையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "உருகிட்டுன்னு சொன்னாகளே. அப்ப இத்தன வருசமும் நேர்ச்சை தீரலையா?"

"ஏளா, இருபத்திரண்டு வருசம் முங்காதவன் இன்னைக்கா முங்கப்போறேன்? அண்ணாச்சி நம்மள வீட்டுக்குள்ள பத்திரமா வச்சிருந்திருக்காரு. ஐஸ் பொட்டியில! மீன் கெடாம இருக்கும்லா, அது மாதிரி" என்றார் கணவர்.

"நீ வாய மூடு." மரியபுஷ்பம் அக்கா வள்ளத்தை முந்தானையில் பொதிந்துகொண்டார். "இது எரிஞ்சு தீருத வரைக்கும் நீ கடல்ல கால் வைக்கக் கூடாது. கேட்டியா?"

முதன்முறையாக அவர் பதில் பேசவில்லை.

அன்று மாலையே பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அண்ணாச்சியைக் குறைசொல்லி ஒரு வார்த்தையும் பேசவில்லை. புதுக் கோயில்பிள்ளை ஒரு சிறிய சட்டியில் வள்ளத்தை இட்டார். சிவப்பும் மஞ்சளும் கலந்து மண்நிறமாயிற்று. விரல் நீளத் திரி ஒன்று வந்தது. அது எரிந்து முடியும்வரை மரியபுஷ்பம் அக்கா முழங்காலிலிருந்து எழவில்லை. எதை நம்புகிறேன் என்று தெரியாமல் நானும் பின்னால் நின்றேன்.

மறுவாரம் பச்சைக் கதவு வீட்டுக்கும் போனேன். அந்த அம்மாள் பெயர் செல்வராணி. மெழுகில் எதுவும் அவர் செய்ததே இல்லை. அன்று வாசல்வரை வந்து திரும்பியது ஏன் என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். உட்காரச் சொல்லி டீ போட்டுத் தந்தார்.

மற்ற நாற்பத்திரண்டும் இப்போது கோயிலில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து உருக்கச் சொன்னால் உருக்குவார்கள், எடுத்துப் போவதானால் தருவார்கள். பதிவேடு என்னிடம் இருக்கிறது. நினைவிருப்பவர்களைக் கேட்டுக் கேட்டு எல்லாப் பட்டப்பெயர்களையும் பெயருக்கு நேரே எழுதிவிட்டேன். அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, நூலகங்களில் இல்லாத அந்தக் கடைசிக் கட்டமும், அதை நிரப்புவதற்கு முன் ஒருவரை முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்பதும்தான்.

அடக்கம் நடந்தது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை விடியலில் ஊமை அந்தோணி கடலுக்குப் போனார். மாலை நான்கு மணிக்குக் கரைக்கு வந்தார்.